நான்கு மணிக் கட்டம்

மூன்று இருபதுக்கு
டார்ச்சோடு பதினொன்றாம் கட்டிலுக்கு வந்தேன்.
லோட் ஷெடிங். ஜெனரேட்டர்
தீவிரப் பிரிவுக்கு மட்டும்தான் மூச்சு விடும்.
சார்ட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
நான்கு மணிக் கட்டத்தில்
நாடி எழுபத்தாறு, சுரம் இல்லை.
ஆறு மணிக் கட்டத்தில்
நாடி எழுபத்தெட்டு.
சும்மா சொல்லக்கூடாது, அழகான கையெழுத்து.
ஏழின் வாலைக்கூட வளைத்து விட்டிருந்தான்.

வராத மணிக்கு வந்துவிட்ட நாடி.

கையைத் தொட்டேன். ஐஸ்.
தலையணையைப் பிழிந்தால் சொட்டும்.
உம்கீசே ஐயா, நாற்பது வருஷம் கரும்பு வெட்டியவர்,
இன்சுலின் ஏற்றிய பிறகு ராத்திரிச் சோற்றைத் தொடாதவர்,
நான் கூப்பிட்டதற்கு
ஏதோ ஒரு வயலின் அந்தக் கோடியிலிருந்து முனகினார்.
விரலில் குத்தினேன்: இரண்டு புள்ளி ஒன்று.
"தோபேகா!" என்று கத்தியது நான்தான்.
அவள் வரும்போதே
குளூக்கோஸ் குப்பியை உடைத்துக் கையில் வைத்திருந்தாள்.
என் டார்ச்சை அக்குளில் இடுக்கி எனக்கு நரம்பு காட்டினாள்,
"பாபா, பாபா" என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே.

பத்து நிமிஷம்.
கண் திறந்தார். தண்ணீர் கேட்டார்.

குவேஷன் துணி அறையில் இருந்தான்,
முகத்தில் போனின் நீல வெளிச்சம்.
"ரிலாக்ஸ் ஆன்ட்டி, அவர் தூங்கிட்டுத்தானே இருந்தார்."

ஆன்ட்டி.
டொங்காட்டில் அது மரியாதைதான்.
கடைக்காரன் சொல்வான், டாக்சிக்காரன் சொல்வான்,
மாரியம்மன் கோவிலில் கூழுக்கு நிற்கும் பிள்ளைகள் சொல்லும்.
ஆனால் இருபத்தாறு வருஷத்தில்
இந்தத் தோளில் ஏறிய மரூன் பட்டையை
ஒரே சொல்லில் கழற்றி
என்னைச் சமையலறைக்கு அனுப்பவும் அதற்குத் தெரியும்.

திட்ட வார்த்தை நிறைய இருந்தது,
கார் ஓட்டிக்கொண்டு வரும்போதே ஒத்திகை பார்த்தவை,
பாதி இங்கிலீஷ், மீதி அம்மா திட்டும் தமிழ்.
வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பினால்
முப்பத்திரண்டு கட்டிலுக்கு நானும் தோபேகாவும்.
அவனுக்கும் அது தெரியும்.
அதனால்தான் கதவில் சாய்ந்து நின்றான்.

அவன் அம்மா தைப்பூசத்துக்கு என்னோடு பால்குடம் எடுத்தவள்.
நாளைக்கே போன் வரும்:
"கொஞ்சம் பார்த்துக்கோ செல்வா, சின்னப் பையன்."
சின்னப் பையனுக்கு முப்பத்தொரு வயசு.

இன்னொன்றும் இருக்கிறது.
தொண்ணூற்றேழில், ஸ்டேங்கரில், ஒரு பிரசவ வார்டில்
நானும் ஒரு கட்டத்தை முன்கூட்டி நிரப்பியிருக்கிறேன்.
அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். நானும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
நாங்கள் கூட்டாளிகள் ஆகியிருப்போம்.

பேனாவை நீட்டினேன்.
"அடி. ஒற்றைக் கோடு.
கிறுக்காதே, வெள்ளை பூசாதே,
கீழே இருப்பது படிக்கத் தெரியணும்.
பக்கத்தில் கையெழுத்து. இப்போது என்ன மணியோ அது."
அவன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது,
அந்த இரவில் முதல் தடவையாக என்று நினைக்கிறேன்.
"ரிப்போர்ட் எழுதுவீங்களா, ஆன்ட்டி?"
"எழுதுவேன். கீழே சிஸ்டர் படையாச்சி என்று இருக்கும்."

நாலரைக்குக் கரண்ட் வந்தது.
ஜன்னலோரக் கட்டில்களின் மேல்
கரும்பு எரித்த சாம்பல், கறுப்பு நூல் நூலாக.
உம்கீசே ஐயா ஒன்றை விரலில் எடுத்து
எந்தத் தோட்டம் என்று சொன்னார்.
தோபேகா நம்பவில்லை. சிரித்துக்கொண்டே
சர்க்கரைத் தேநீரை இன்னும் ஒரு வாய் புகட்டினாள்.

ஆறு மணிக்கு அவன் வந்தான்.
என்னைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தான்.
எதிர்ச் சுவரோரம் நின்று வினாடிகளை எண்ணினேன்,
முள் ஒரு வட்டம் முடிக்கும்வரை.
"எண்பத்துநாலு, சிஸ்டர்."
கடைசிச் சொல்லைத் துப்பினான்.

துப்பட்டும். முழு நிமிஷம் பிடித்திருந்தான்.

ரிப்போர்ட்டில் 'எடுத்த நடவடிக்கை' என்பதற்கு
மூன்று வரி விட்டிருக்கிறார்கள்.
இரண்டு எழுதினேன்.
மூன்றாவதில் சாம்பல் விழுந்தது.
துடைக்கப் போய், அது கோடாக இழுத்துக்கொண்டது.